மூன்றாவது பெஞ்சின் சுண்டு விரல்

ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல்கம்பியைப் பிடித்திருப்பார். நான்கு விரல் மடங்கியிருக்கும், சுண்டு விரல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். என் கண் அதிலேயே நிற்கும். "போ, போய்ட்டு வா" என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் பார்த்த பார்வை இருக்கிறதே! லூசு என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு நான் சயின்ஸ் மிஸ். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளைகள் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒருத்தி தூக்கினால் போதும், உடனே ஏழெட்டு விரல் எழும்பும். பாதிப் பேர் வராந்தாவில் ஊர் சுற்றத்தான் போவார்கள். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: மணி அடித்த பிறகுதான். மணி அடித்தால் அத்தனை பெண்களுக்கும் உருப்படியாக இருந்தது இரண்டே கழிவறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்குப் பாடமே சிறுநீர் மண்டலம்தான். எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். "உடம்பு மாதிரி உஷாரான ஆள் கிடையாதுடி" என்று ஆரம்பித்தேன். கிருமி கீழேயிருந்து ஏறப் பார்க்கும். சிறுநீர் மேலேயிருந்து வந்து, வாளித் தண்ணீரை ஊற்றி வாசலைக் கழுவுவதுபோல, அதை அடித்துக்கொண்டு போய்விடும். சிறுநீர்ப் பையின் உள்சுவர் கிருமியை லேசில் ஒட்டவிடாது. அப்படியும் ஒட்டிக்கொண்டால் அந்த மேல்தோலையே உரித்து வெளியே அனுப்பிவிடும். பையில் இருப்பது சிறுநீரகத்துக்குத் திரும்ப ஏறாதபடி குழாயின் முனை தானாக மூடிக்கொள்ளும். "ஆனா இத்தனைக்கும் மொதல்ல அது ஓடணும். அடக்கி வெச்சா தேங்கும், தேங்கினா கிருமிக்குக் கொண்டாட்டம்" என்று சொல்லிவிட்டு போர்டு பக்கம் திரும்பப் போனேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு சுண்டு விரல்.

"இன்னும் பத்து நிமிஷம்தான். உக்காரு."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில்.

உட்கார்ந்தாள். மறுநாளும் தூக்கினாள். "உனக்கு மட்டும் என்னடி தனிக் குழாயா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் விரலைத் தூக்கவே இல்லை. ஒரு சத்தம் போட்டேன், பெண் திருந்திவிட்டாள் என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பாவி நான்.

ஒரு மாதம் கழித்து அவளுக்குக் குளிர் ஜுரம், விலாவில் வலி, வகுப்பிலேயே வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லீவ் லெட்டரோடு அம்மா வந்தார். சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். சண்டைக்கு வருவார் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"கிட்னி வரைக்கும் ஏறிகீதாம் மிஸ். ஒரு பக்கம் தழும்பு ஆயிடுச்சாம். இன்னொரு தபா வந்தா அந்த கிட்னி போயிரும்னு டாக்டர் சொல்றாரு. நெறைய தண்ணி குடிக்கணுமாம், அடக்கவே கூடாதாம். கொஞ்சம் பெரிய மனசு பண்ணி அவள அனுப்புங்க மிஸ்."

ஒன்றுக்குப் போவதற்குப் பெரிய மனசு! அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மத்தியானம் விடைத்தாள் கட்டைப் பிரித்து, அந்தப் பாடத்துக்கு வைத்த டெஸ்டில் அவள் எழுதிய பேப்பரைத் தேடி எடுத்தேன். சிறுநீர்ப் பாதையை உடல் எவ்வாறு பாதுகாத்துக்கொள்கிறது? நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். கடைசியில் அவளாகச் சேர்த்த ஒரு வரி: 'தண்ணீரே குடிக்காமல் இருந்தால் அடக்க வேண்டிய அவசியம் வராது.' அதன்மேலும் என் சிவப்பு டிக் இருந்தது. படிக்காமலே போட்டிருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து.

இளைத்துப்போய்த் திரும்பி வந்தாள். "இனிமே கேக்கவே வேணாம் கண்ணு, எழுந்து போய்ட்டே இரு" என்றேன். தலையாட்டினாள். போகவில்லை. காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து திரும்பியது. எனக்கோ திரும்பிய பக்கமெல்லாம் சுண்டு விரல் தெரிந்தது. சாக்பீஸ் பிடித்த என் கையில்கூடத் தெரிந்தது. அவள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அந்தக் கிட்னிக்கு என்ன ஆகுமோ?

மூன்றாம் நாள் பாட்டிலைத் திறந்து கொடுத்து என் கண்ணெதிரே குடிக்க வைத்தேன். மதியம் கையைப் பிடித்து நானே கழிவறைக்கு அழைத்துப்போனேன். அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவுதான் காலியாக இருந்தது. வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "மெதுவா போம்மா, அவசரமே இல்ல."

குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று.

"என்னம்மா, வரலையா?"

"முட்டிக்கினு கீது மிஸ்." குரல் அழுகையில் உடைந்தது. "நீங்க நிக்கிறீங்கல்ல... அதான் வரமாட்டேங்குது."

வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவைக் கூப்பிட்டுக் கதவைப் பிடிக்கச் சொன்னேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்காத தூரம் வரை, படியிறங்கி, கேட் வரைக்கும் போய் நின்றேன். அதற்கப்புறம்தான் அவளால் போக முடிந்ததாம். ஆயா வந்து சொன்னார்.