பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

உள்ளறையிலிருந்து எழுந்த சத்தத்தில் வேதமாணிக்கம் அண்ணாச்சியின் கையிலிருந்த காபி தளும்பி வேட்டியை நனைத்தது.

"ஏ யம்மா! உள்ள லாரியையா நிறுத்தியிருக்க?"

"லாரி இல்ல அண்ணாச்சி, அருள்பிரகாசம். தூங்கறாரு" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

சத்தம் மறுபடி ஏறியது. சுவரில் மாதா படம் லேசாக ஆடிற்று. அறை வாசலில் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் பாஸ்கல். ரயில்வேயில் இரவு டூட்டி முடித்து வந்தவன். அவன் பாயில்தான் அந்தக் குறட்டை படுத்திருந்தது.

அந்த ஐப்பசியில் கடல் ஏறி வந்து, திருவொற்றியூர்க் கரைக் குடிசைகளை வாரிக்கொண்டு போய்விட்டது. நடுத்தெருவில் நின்றவர்களுக்கு இடம் தேடக் கிளம்பினாள் ஃப்ளோரன்ஸ். அவளை யாரும் நியமிக்கவில்லை. கல்மண்டபம் பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். ரப்பர் செருப்பும் ஓயாத வாயும்தான் அவள் மூலதனம். சாமியாரிடம் பள்ளிக்கூடக் கூடத்தைக் கேட்டாள். படகுக்காரர்களிடம் வலைக் கொட்டகையைக் கேட்டாள். தண்டையார்பேட்டை வியாபாரிகள் அரிசி தந்தார்கள். அங்கே மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி இன்று வந்ததும் அரிசி தரத்தான். எண்ணூர் வரை தெருத்தெருவாக நடந்து, "உங்க வூட்ல ஒரு மூலை குடுங்க" என்று கெஞ்சியே எல்லாரையும் கூரைக்கடியில் சேர்த்துவிட்டாள்.

மிஞ்சியது ஒரே குடும்பம். அருள்பிரகாசமும் அவன் மனைவி சிலுவையம்மாளும். குறட்டை தாங்காமல் மூன்று வீடுகள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டன. அவளுக்கோ நிறைமாதம்!

அடுப்பங்கரையிலிருந்து சிலுவையம்மாள் மெல்ல வந்து நின்றாள்.

"வேணாங்கா. நாங்க பிளாட்பாரத்துக்கே பூட்றோம். இது எங்க பொறந்தா இன்னா?"

ஐயோ, அந்தக் குரல்! வெளியே வானமும் கருத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"எப்படிப்பட்ட வீடாப் பாத்தும்மா அனுப்புன?"

"நல்லாப் பாத்துதான் அண்ணாச்சி. இவரு ஆர்பர்ல கப்பல் சரக்கு எறக்கறாரு, நைட் ஷிப்டு. அதனால நைட் ஷிப்டு வூடாவே அனுப்பிச்சேன். சோறும் தூக்கமும் ஒரே நேரத்துல ஆவும்ல?"

"ஆச்சே!" என்றான் பாஸ்கல். "ஒரே நேரத்துல, ஒரே பாயில! ஒருத்தன் தூங்கறான், இன்னொருத்தன் வேடிக்க பாக்கறான்."

அண்ணாச்சி சிரித்துவிட்டு எழுந்தார். "என் வீட்டுக்குக் கூப்பிடலாம்னா இடமில்லையே தாயி. ஒரு கூடம், ஒரு சின்ன அறை. அறையில எம் பொஞ்சாதி செல்லக்கனி. கூடத்துல நானும் ரெண்டு தம்பிமாரும் படுத்தா ராத்திரி கால் நீட்ட முடியாது."

"ராத்திரி சரி. பகல்ல?"

"பகல்ல யாரு இருக்கா? விடிஞ்சா மூணு பேரும் மண்டியில கெடக்கோம். கூடம் சும்மாத்தான் கெடக்கும்."

ஃப்ளோரன்ஸ் பாஸ்கலைப் பார்த்தாள். பாஸ்கல் அவளைப் பார்த்தான். அடுத்த நொடி அவள் கையிலிருந்த கரண்டியை வீசிவிட்டுக் குதித்தாள்.

"அண்ணாச்சி! நீங்க மண்டிக்குக் கெளம்புனா அருள்பிரகாசம் தூங்க வருவாரு, நீங்க வந்தா இவரு கெளம்புவாரு! பாயோட சூடு கூட ஆறாது!"

"அய்யோ, உங்க வூட்டம்மா? இந்தச் சத்தம் அவங்களுக்கு..." என்று தயங்கினாள் சிலுவையம்மாள்.

"முப்பது வருசமா என் கொறட்டையக் கேட்டவ. இனிமே பகல்லயும் துணைக்கு ஒண்ணு! நீ ராத்திரி அவகூடப் படுத்துக்க. புள்ளைய எங்க வீட்டுலயே பெறு தாயி."

சிலுவையம்மாள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். உள்ளே போய்ப் புருஷனை உலுக்கினாள். "யோவ், எய்ந்திரு! வூடு கெட்ச்சிட்ச்சி!"

அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "இதுவும் நைட் ஷிப்டு வூடா?"

வீடே குலுங்கிச் சிரித்தது. ஃப்ளோரன்ஸின் மனம் அதற்குள் எண்ணூருக்குப் பறந்துவிட்டது. "அப்போ ஒவ்வொரு வூட்டுக்குள்ளயும் பகலுக்கு ஒண்ணு, ராவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வூடு கீது! இது தெரியாம சனத்த பள்ளிக்கூடத்துல போட்டு அடச்சி வெச்சிருக்கனே!"

முதல் தூறல் விழும்போது அண்ணாச்சி அவர்கள் இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, கூடவே நடந்தார். "இன்னொண்ணு அண்ணாச்சி..." என்று ஃப்ளோரன்ஸ் வாசலுக்கு ஓடினாள்.

பாஸ்கல் அவளை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காலியான தன் பாயில் போய் விழுந்தான்.