காலுக்கு வைத்தியம் பார்க்கப் போன மொக்கைச்சாமி

வடுகபட்டி பூண்டுச் சந்தையில் தரகு பார்க்கும் மொக்கைச்சாமிக்குக் காலில் கோணி ஊசி குத்தியது, இரண்டாவது தடவையாக ஊரடங்கு போட்டிருந்த வைகாசி மாதத்தில். குத்தியது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு, அவர் மனைவி பஞ்சம்மாள்தான் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கறி ஏதும் வாங்கி வந்தீர்களா என்று கேட்டாள்.

சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிவிட்டதால், அவருடைய பாதங்கள் அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டிருந்தன. வெயில், கல், முள் எதைப் பற்றியும் தகவல் வருவதில்லை. பெருவிரலில் ஊசி ஏறி இறங்கியதையும் அவை சொல்லவில்லை.

அவர் அரசாங்க வைத்தியத்தை நம்புகிற ஆள். முந்தின வருஷம் முதல் ஊரடங்கின்போது, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வீட்டு வாசலுக்கே வந்து இரண்டு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மாமியார் வீட்டில்கூட இப்படித் தேடி வந்து எதையும் கொடுத்ததில்லை என்று அவர் சந்தை முழுக்கச் சொன்னார். தரகர் என்பதால் சத்தமாகச் சொன்னார். ஆனால் இந்த வருஷம் அதே நர்சம்மா காய்ச்சல்காரர்களைத் தேடித் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தாள். மாத்திரை வாங்க நிலையத்துக்குப் போனால், சரக்கு வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் போனால் தடுப்பூசிக்கு வரிசை நின்றது. மொக்கைச்சாமி இருந்த மாத்திரைகளை இரண்டாக ஒடித்துப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டார். முழு மாத்திரைக்கே அடங்காத சர்க்கரை பாதி மாத்திரைக்கு அடங்கவில்லை.

புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்தார். விரல் முதலில் சிவந்தது, பிறகு ஊதியது, பிறகு நுனியில் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பஞ்சம்மாள் சொன்னபோதெல்லாம் அவர் வேறு பேச்சை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்கில் குச்சியை விடுவார்கள், குச்சியை விட்டால் வண்டியில் ஏற்றுவார்கள், ஏற்றினால் எங்கே இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பது அப்போது சந்தையில் நிலவிய கருத்து. வழக்கமாகப் பார்க்கிற தனியார் டாக்டரிடம் போகலாமென்றால், அவர் கிளினிக்கைப் பூட்டிப் போன் நம்பரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தார். போனை யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் பஞ்சம்மாளே தக்காளிப் பெட்டி ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, அவரைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தாள். பஸ் ஓடவில்லை, காய்கறி வண்டிக்கு மட்டும் தடையில்லை. வழியில் போலீஸ் மறித்தது. எங்கே போகிறீர் என்றார் ஏட்டு. மொக்கைச்சாமி காலைத் தூக்கிக் காட்டினார். ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை விடச் சொன்னார். அந்த விரலுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு மேஜை வைத்திருந்தார்கள். தலை முதல் கால் வரை மூடிய ஒரு பெண், காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, சளி உண்டா என்று கேட்டாள். இவர், கால் என்றார். யாராக இருந்தாலும் பரிசோதனை எடுத்த பிறகுதான் உள்ளே என்று சொல்லி, அவள் இவருக்கும் கூட வந்த பஞ்சம்மாளுக்குமாகக் குச்சியை எடுத்தாள். மூக்கு வழியாகக் காலைத் தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சைப் பகுதியைக் காலி செய்து கொரோனாக்காரர்களைப் போட்டிருந்தார்கள். அதனால் ஒரு டி.டி. ஊசியும் கொஞ்சம் மாத்திரையும் கொடுத்து, ரிசல்ட் வந்ததும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புண்ணைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாவம் என்றார்கள். யாரும் தொடவில்லை.

ரிசல்ட் வருவதற்கு முன்பே வண்டி வந்துவிட்டது. தெரு முனையிலேயே சைரனைப் போட்டுக்கொண்டு வந்ததால், எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள். கவச உடுப்புப் போட்ட இருவர் இறங்கி, உங்களுக்குப் பாசிட்டிவ், ஒரு மாற்று வேட்டியோடு ஏறுங்கள் என்றார்கள்.

“காலுக்குப் போனப்ப வண்டி கெடைக்கல,” என்றார் மொக்கைச்சாமி. “இப்ப மூக்குக்கு வந்திருக்காக.”

பஞ்சம்மாளுக்கு நெகட்டிவ். அவளை வீட்டுக்குள் வைத்து வாசலில் தகரம் அடித்தார்கள். தகரத்துக்குப் பின்னால் நின்று, காலைப் பார்க்கச் சொல்லுங்கள், காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வண்டி திரும்புகிற வரைக்கும் அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது.

ஒரு கல்லூரி விடுதியைக் கொரோனா மையமாக மாற்றியிருந்தார்கள். மொக்கைச்சாமி அதுவரை கல்லூரிக்குள் போனதில்லை. இரும்புக் கட்டில், புதுப் போர்வை, ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு. காலையில் கபசுரக் குடிநீர், பிறகு பொங்கல், பதினோரு மணிக்குச் சுண்டல், மத்தியானம் முட்டையோடு சாப்பாடு, சாயங்காலம் மஞ்சள் பால். வீட்டில் பஞ்சம்மாள் இந்த ஒழுங்கில் சாப்பாடு போட்டதில்லை என்று அவர் போனில் அவளிடமே சொன்னார். அவளுக்குத் தெருவில் நின்ற தன்னார்வலர்கள் பாலையும் அரிசியையும் தகரத்துக்கு மேலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பேச்சை ரசிக்கவில்லை.

டாக்டர் ஒருவர் வாசலில் நின்றபடியே விசாரித்துவிட்டுப் போவார். மூச்சு எப்படி, உடம்பு வலி உண்டா என்று கேட்டுவிட்டு, வாசம் தெரிகிறதா என்றார்.

“முப்பது வருசமாப் பூண்டு மூட்டைக்குள்ள கெடக்கேன் சார். வாசம் எப்பப் போச்சுன்னு நான் கவனிக்கல.”

டாக்டர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். காலைப் பற்றிச் சொன்னதற்கு, இங்கே அதற்கு வசதி இல்லை, நெகட்டிவ் ஆனதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நியாயம் விரலுக்குப் புரியவில்லை. அது இப்போது கறுத்துவிட்டது. பக்கத்து விரலும் கூடச் சேர்ந்துகொண்டது. பஞ்சம்மாள் அரசாங்க உதவி எண்ணான நூற்றுநான்குக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். எதிர்முனையில் இருந்த பெண் ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கேட்டு, புகாரைப் பதிவு செய்துகொண்டதாகச் சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலுக்குக் குருசாமி வந்தார். கடமலைக்குண்டுக்கு மேலே முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், நாற்பது வயதுக்காரர். இரண்டு இடங்களில் கட்டில் இல்லை என்று திருப்பிவிட்டார்களாம். நூற்றெட்டு வண்டியின் டிரைவர்தான் விடாமல் சுற்றி அலைந்து, அங்கங்கே கெஞ்சி இங்கே சேர்த்தாராம். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு சுற்றமாட்டான் என்று குருசாமி மூச்சு வாங்கச் சொன்னார். அவர் மனைவி ஜக்கம்மாவுக்கும் ஊரில் காய்ச்சல். குருசாமியின் போனில் சார்ஜ் நிற்காததால், மொக்கைச்சாமியின் போனை வாங்கித்தான் அவளோடு பேசினார். கஞ்சி குடித்தாயா, கோழியை அடைத்தாயா என்பதற்கு மேல் அவர்கள் பேச்சு நீண்டதில்லை.

மறுநாள் குருசாமி தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீக அண்ணே. உங்க காலு நாறுது.”

மொக்கைச்சாமி சிரித்தார். பூண்டு வாசமாக இருக்கும், வேட்டியெல்லாம் அதுதான் என்றார்.

“பூண்டு எனக்குத் தெரியும்ணே. இது செத்த வாசம்.”

மொக்கைச்சாமிக்குச் சிரிப்பு நின்றது. அவர் குனிந்து மோந்து பார்த்தார். எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அன்றைக்கு முறையில் இருந்தவள் பிரின்சி. தற்காலிக நர்சாக எடுத்திருந்த போடிக்காரப் பெண். குருசாமியின் விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தாள். தொண்ணூறுக்கும் கீழே காட்டியது. அவள் பதறிப்போய் ஆக்சிஜன் உள்ள இடத்துக்கு மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, குருசாமி அவள் கையைத் தட்டினார்.

“எனக்கு மூச்சு வருது ஆத்தா. நீ அவரு காலைப் பாரு.”

பிரின்சி போர்வையை விலக்கிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள் வியர்வை வடிய வடிய, புண்ணைக் கழுவித் துடைத்துக் கட்டுப் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் காலைக் காட்டிய நாளிலிருந்து அதைக் கையால் தொட்ட முதல் ஆள் அவள். கட்டுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த அறுவை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவள் கையுறையைக் கழற்றுவதற்குள், உடனே அனுப்பு என்று பதில் வந்தது.

ஒரே வண்டியில் இருவரையும் ஏற்றினார்கள். குருசாமி ஆக்சிஜன் மாட்டிப் படுத்துக்கொண்டார். மொக்கைச்சாமி காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. கொரோனா வார்டில் கட்டில் இல்லை. யாராவது போனால்தான் யாராவது போகமுடியும். அந்த வாக்கியத்தில் இரண்டு ‘போவது’ம் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அறுவைப் பகுதியிலோ பாசிட்டிவ் ஆளை எடுக்கமாட்டோம் என்றார்கள், கொரோனாப் பகுதியில் கத்தி வைக்கமாட்டோம் என்றார்கள். கொஞ்ச நேரம் மொக்கைச்சாமி எந்தப் பகுதிக்கும் சொந்தமில்லாமல் வண்டியில் இருந்தார். பிறகு பிரின்சி படம் அனுப்பிய அந்த டாக்டரே கவச உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, தள்ளுவண்டி கொண்டுவரச் சொன்னார்.

இறக்கும்போது மொக்கைச்சாமி குருசாமியைப் பார்த்தார். மூச்சுக்குத் தவிக்கிறவர் வண்டியில் கிடக்க, விரலுக்கு வந்தவர் உள்ளே போவது அவருக்குச் சரியாகப் படவில்லை. அவரை முதலில் எடுங்கள் என்று சொன்னார். டாக்டர், அது வேறு வரிசை என்றார். குருசாமி முகமூடிக்குள்ளிருந்து, போங்க போங்க என்று கையை ஆட்டினார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்கால் வரைக்கும் போயிருக்கும் என்றார் டாக்டர். ஒரு மாதம் போல அங்கே வைத்துச் சர்க்கரையை அடக்கி, நாள் தவறாமல் கட்டு மாற்றினார்கள். கழிப்பறையில் பாதி நாள் தண்ணீர் வரவில்லை. மருந்து மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. குருசாமிக்கு வந்த அன்று சாயங்காலமே கட்டில் கிடைத்தது, ஆக்சிஜனோடு படுத்திருக்கிறார் என்று வார்டு துப்புரவாளர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

வீடு திரும்பியபோது தகரத்தை எடுத்திருந்தார்கள். ஆணி அடித்த ஓட்டைகள் சுவரில் இருந்தன. பஞ்சம்மாள் அவரைத் திட்டி அழுது சோறு போட்டாள். சுகாதார நிலையத்தில் மாத்திரை தாராளமாகக் கிடைத்தது; நர்சம்மா கட்டு மாற்ற வாரம் இரண்டு தடவை வந்தாள். சந்தைக்குப் போனால் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கவர்மெண்டு ஆஸ்பத்திரி எப்படி? நல்லது என்று சொன்னால் இரண்டு விரல் போன இடத்தைக் காட்டினார்கள். மோசம் என்று சொன்னால் மீதிக் காலைக் காட்டினார்கள். இவ்வளவு சத்தமாகப் பேசுகிற மனுஷன் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் பஸ்ஸெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பை மலைப்பூண்டு எடுத்துக்கொண்டு அவர் கடமலைக்குண்டுக்குப் போய், விசாரித்து விசாரித்துக் குருசாமியின் தோப்பைக் கண்டுபிடித்தார். குருசாமி இளைத்துப் போயிருந்தார். பேசினால் நடுநடுவே நின்று மூச்சு எடுத்தார். மொக்கைச்சாமியின் காலைக் குனிந்து பார்த்து, இப்ப நாறல என்றார். இருவரும் சிரித்தார்கள்.

வீட்டில் வேறு ஆள் நடமாட்டம் இல்லை. அடுப்பை அவரே பற்றவைத்தார். சுவரில் ஜக்கம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மொக்கைச்சாமி பூண்டுப் பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

“நான் உள்ள கெடந்தப்பத்தான்,” என்றார் குருசாமி. “மூச்சுத் தெணறுதுன்னு ஊர்க்காரக அங்கனதான் கொண்டாந்திருக்காக. வாசல்லயே நின்னுச்சாம் வண்டி. எடம் இல்லன்னுட்டாகளாம். எனக்குத் தெரியாது. மேல நான் படுத்திருந்தேன்.”

மொக்கைச்சாமி பூண்டுப் பையைத் தரையில் வைத்தார்.

“எனக்கு நல்லாத்தான் பாத்தாகண்ணே. பொய் சொல்லக்கூடாது. ஒரு நர்சு ஊட்டிக்கூட விட்டுச்சு. அவளுக்கு எடம் இல்ல. ரெண்டும் ஒரே ஆஸ்பத்திரிதான்.”

காப்பித் தண்ணி கொதித்தது. குருசாமி இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சீனி போடாமல் கொடுத்தார். மொக்கைச்சாமி அதை வாங்கிக் குடித்தார். பிறகு, இந்த வருஷம் முந்திரி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார். குருசாமி சொன்னார். அது ரொம்பக் குறைச்சல், உங்களை ஏமாற்றுகிறார்கள் என்றார் மொக்கைச்சாமி. அப்படியெல்லாம் இல்லை, இந்த வருஷம் காய்ப்பு அப்படி என்றார் குருசாமி. பஸ் வருகிற வரைக்கும் அவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.