நாலாவதாக வந்தவர்கள்

கொட்டகலை கடைவீதியில் மழை. தலவாக்கலை பஸ்ஸை இன்னும் காணோம். தேநீர்க்கடை டிவியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தொடர் ஓட்டத்தில் இலங்கைப் பெண்கள் நாலாவதாக வருகிறார்கள். பக்கத்து பெஞ்சில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்தபடி கேட்கிறார்.

“நாலாவதுக்கு என்னங்க குடுப்பாங்க?”

“ஒன்றும் இல்லை. மூன்றாவது வரைக்கும்தான் பதக்கம்.”

“அரைப் பேர்கூடப் போட மாட்டாங்களா?”

எனக்கு விளங்கவில்லை. அவரே சொல்கிறார். பறித்த கொழுந்து எடை குறைந்தால், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அன்றைக்கு அரை நாள் வேலை, அரை நாள் சம்பளம் என்றுதான் எழுதுவாராம். அதுதான் அரைப் பேர்.

“அதுவும் கிடையாது” என்கிறேன்.

திரையில் நான்கு பெண்களும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். அக்கா அட்டையைத் தட்டிவிட்டு நிமிர்கிறார்.

“எங்க கணக்கப்பிள்ளையே தேவலைங்க.”