வென்சுவின் படகு மீசை

மார்சஷ்லோக் மீன்பிடித் துறையில் வென்சு தன் படகுக்குத் தானே பெயின்ட் அடிப்பான். பழையதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் பூசி, நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் முடித்து, கடைசியில் மீசை. படகின் மூக்கில் இருபுறமும் ஓடும் பட்டைதான் மீசை. எங்கள் ஊர்ப் படகுக்கு அது காவி மஞ்சள். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் கறுப்பு.

அவன் கலக்கும் மஞ்சளைப் பார்த்தால் கடலுக்கடியில் மீன்களுக்கே கண் கூசும். அந்த வருஷம் அதைப் பூசி முடித்த கையோடு பக்கத்துப் படகுக்காரன் இந்த்ரி ஓடி வந்தான்.

"டேய், ஜீஜா செத்துப்போயிட்டாளாம். கறுப்பு வாங்கிட்டு வரவா?"

"எதுக்கு?"

"உன் பொண்டாட்டிடா!"

"பஸ் டிரைவர் பொண்டாட்டி."

"சர்ச் சாமியாரைக் கேளு. இன்னும் உன் பொண்டாட்டின்னுதான் சொல்வாரு."

"அப்ப அவரே வந்து அடிக்கட்டும்."

ஜீஜா பஸ் டிரைவரோடு போய்ப் பதினெட்டு வருஷம். அவள் அம்மா ஃபிலோமேனா மட்டும், "ஓடினது அவதானே, நான் எங்க ஓடினேன்?" என்று மருமகன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்றிலிருந்து மகள் பெயரை அவள் வாய் திறந்து சொன்னதில்லை.

வென்சு கடைக்குப் போனான்.

"கறுப்பு குடுப்பா."

"பளபளப்பா, மங்கலா?"

"துக்கத்துக்கு எது?"

"உன் துக்கம் எப்படிப்பட்டதுன்னு எனக்கென்ன தெரியும்?"

வென்சுவுக்கே தெரியவில்லை. கைக்கு வந்த டப்பாவை வாங்கி வந்தான். கறுப்பு அடித்தால், ஓடினவளுக்கு அழுகிறான் என்று துறையே சிரிக்கும். மஞ்சளாக விட்டால் மாமியார் மனசு உடையுமோ? அவளைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் புருஷன் செத்ததிலிருந்து அவள் உடுத்துவது கறுப்புதான். மீன் சூப்பில் மட்டும் அன்று உப்பே இல்லை.

ஈர மஞ்சள்மேல் கறுப்பு அடித்தால் சுருங்கும். மூன்று நாள் காயவிட்டான். நாலாம் நாள் இடப்பக்கம் கறுப்பாக்கிவிட்டு, வலப்பக்கம் வந்ததும் பிரஷ்ஷைத் தூக்கியபடி நின்றான். ஃபிலோமேனா வந்து சேர்ந்தாள்.

"யாருக்கு மாப்ளே இந்தக் கறுப்பு?"

"தெரியல அத்தே."

"எனக்காகன்னா வேண்டாம்."

"உங்களுக்காக இல்ல."

"அவளுக்காகவா?"

"அவளுக்காகவும் இல்ல... இல்லாமலும் இல்ல."

கிழவி படகைச் சுற்றி வந்து, வலப்பக்க மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜீஜாவுக்குக் கறுப்பே புடிக்காது மாப்ளே," என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் அவள் வாயில் அந்தப் பெயர் முதல்முறை! வென்சு டப்பாவை மூடிவிட்டான்.

படகு அப்படியே தண்ணீரில் இறங்கியது. புறப்படும்போது கறுப்பைப் பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். திரும்பி வரும்போது மஞ்சளைப் பார்த்தவர்கள், யார் பிழைத்து எழுந்தது என்று விசாரித்தார்கள். கலங்கரை விளக்குக்காரர் இரண்டு படகு என்றே ஒரு மாசம் எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த்ரிக்குப் பொறுக்கவில்லை.

"துக்கமா இல்லையா, ஒண்ணு சொல்லித் தொலைடா!"

வலையை உதறிக்கொண்டே வென்சு கேட்டான்:

"நீ எந்தப் பக்கம் நிக்கிற?"