தோண்டாமல் விட்ட ஒரு அடி

தொலைபேசி நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'சுத்தியல்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். லைன்மேன் ஏறுவதற்கு முன்னால் கம்பம் ஆளைத் தாங்குமா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. தாங்கும் என்றால் இடுப்பு உயரத்தில் ஒரு தகரச் சீட்டை ஆணியடித்துவிட்டு அடுத்த கம்பத்துக்கு நகர்வார். சீட்டைப் பார்த்தால் போதும், லைன்மேன்கள் வேறு எதையும் கேட்காமல் ஏறுவார்கள்.

மரக்கம்பத்தைச் சோதிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுற்றிவர நாலு இடத்தில் தட்டவேண்டும். உள்ளே கெட்டியாக இருந்தால் 'டங்' என்று வரும். உளுத்திருந்தால் பூசணிக்காயைத் தட்டியது போல மந்தமாக வரும். அதோடு முடிந்துவிடாது. மரம் மேலே காற்றில் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை, மண்ணில் நுழைகிற இடத்தில்தான் கெடும். அதனால் அடியைச் சுற்றி ஒரு அடி ஆழம் தோண்டி, கூரான கம்பியால் குத்திப் பார்த்து, மறுபடி மண்ணைத் தள்ளி மூடவேண்டும். தட்ட ஒரு நிமிஷம். தோண்டக் கால் மணி நேரம்.

அவருடைய மனைவியின் தம்பியும் அதே நிலையத்தில் லைன்மேனாக இருந்தான். இவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டவர். பூட்ஸில் இரும்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு அவன் ஏறுவதைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் நிற்பார்கள். "மேல போயிட்டா எங்க அக்கா கத்துறது கேக்காது, அதுக்குத்தான் இந்த வேலைக்கு வந்தேன்" என்பான். அக்காவுக்கு அவன் மேல் உயிர். திட்டாத நாளும் கிடையாது.

அந்த நாளில் சுத்தியலுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. காலையிலிருந்து தூறல். மரக்கடைக்குப் பின்னாலிருந்த வரிசையில் முந்தின நாளையும் சேர்த்து முப்பத்தெட்டுக் கம்பங்களைத் தோண்டிப் பார்த்தாயிற்று. கடைசிக் கம்பத்தைச் சுற்றிக் கணுக்கால் அளவு சேறு. அந்த வாரம்தான் புது பூட்ஸ் வாங்கியிருந்தார். சேற்றுக்கு வெளியே நின்று, கையை நீட்டி ஒரே பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினார். டங் என்றது. சீட்டை அடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறார். காரணம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு ஜோடி பூட்ஸைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

ஏழு வாரம் கழித்துப் பழைய கம்பியை மாற்ற மச்சினன் அதில் ஏறினான். ஒரு பக்கத்துக் கம்பியை அறுத்ததும் மறுபக்கம் இழுத்தது. கம்பம் தரைமட்டத்தில் முறிந்தது. பெல்ட்டால் அதோடு கட்டிக்கொண்டிருந்தவன் அதோடேயே சாய்ந்தான். இடுப்பெலும்பும் வலது முழங்காலும் நொறுங்கிப்போயின.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்:

"தோண்டிப் பாத்தீங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் அவர் போனார். வாய் வேறு சொன்னது. "பாத்தேன் சார்."

"எப்படி இருந்தது?"

"கெட்டியாத்தான் இருந்தது. மரத்தை நம்ப முடியாது சார். வெளியில பாத்தா நல்லா இருக்கும். உள்ளே எப்ப உளுத்துப்போகும்னு யாருக்குத் தெரியும்?"

மூவரும் தலையாட்டினார்கள். மரத்தின் மேல் பாதிப் பழி விழுந்தது. கம்பியை அறுப்பதற்கு முன் எதிர்ப்பக்கம் தாங்குகயிறு கட்டாததால் லைன்மேன் மேல் மீதிப் பழி. கயிறு கட்டும் வழக்கம் நிலையத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அதை யாரும் அங்கே சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் மனைவி அவரைத் தனியே இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டாள். "ஏங்க, நீங்க சரியாப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்மா."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தம்பியின் கட்டிலருகே போய் உட்கார்ந்து அழுதுகொண்டே திட்டினாள். "ஒரு கயிறு கட்ட உனக்கு நேரமில்லையாடா? எதுலயும் அவசரம். அவசரக்குடுக்கை."

மச்சினன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "சரிக்கா" என்றான்.

இது நடந்து சில மாதங்களில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி மரக்கம்பம் நடுவதா, கான்கிரீட்டுக்கு மாறுவதா என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதவேண்டும். இவரை விட்டால் வேறு ஆள் யார்? அந்த வேலையை மட்டும் அவர் குறை சொல்ல முடியாதபடி செய்தார். ஒவ்வொரு கம்பத்தையும் தோண்டினார். இரண்டிலும் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. மரக்கம்பத்தை ஆறேழு பேர் தோளில் வைத்து எந்தச் சந்துக்குள்ளும் கொண்டுபோகலாம். கான்கிரீட் கம்பத்துக்குக் கிரேன் வேண்டும், கிரேன் போகப் பாதையும் வேண்டும். மரத்தில் கொக்கியைக் குத்தி நினைத்த இடத்தில் ஏறலாம், கான்கிரீட்டில் கொக்கி இறங்காது, ஏணியோ கூண்டு வைத்த வண்டியோ இல்லாமல் ஆகாது. கான்கிரீட்டைக் கரையான் தொடாது, அது உளுக்காது. ஆனால் மயிரிழை விரிசல் விட்டால் போதும், தண்ணீர் இறங்கி உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமென்ட் பட்டைபட்டையாக உதிர ஆரம்பித்துவிடும்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதினார்: 'ஆண்டுதோறும் முறையாகத் தோண்டிச் சோதித்தால் மரக்கம்பத்தையும் முழுதாக நம்பலாம்.' எழுதியதைப் படித்தார். இதைப் படிக்கிறவன் அடுத்து என்ன கேட்பான் என்பது அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் மரக்கடைக்குப் பின்னால் இருந்தது எப்படி முறிந்தது? பேனாவால் அந்த வரியை அடித்தார். எழுத்து தெரியாதபடி இன்னும் நாலு முறை அடித்தார். சுத்தப்பிரதியில் அந்த இடத்தில், 'மரத்தைச் சோதனையால் அறிய இயலாது' என்று இருந்தது.

அறிக்கை அப்படியே ஏற்கப்பட்டது. மரக்கம்பங்களைப் பிடுங்கினார்கள். அவருக்குப் பதவி உயர்வும் நாற்காலியும் கிடைத்தன. கல்குவாரிக்கு மேலே பதின்மூன்று வீடுகள் இருந்தன. அங்கிருந்த மரக்கம்பங்களைப் பிடுங்கிய பிறகுதான் கிரேன் அந்த ஏற்றத்தில் ஏறாது என்பது தெரிந்தது. அந்த வீடுகளுக்கு இரண்டு வருஷம் தொலைபேசி இல்லை. அங்கிருந்து ஒரு அம்மாள் மூச்சிரைக்க நிலையத்துக்கு வந்தார். வீட்டுக்காரர் நெஞ்சுவலிக்காரர்.

"கான்கிரீட் எப்பவோ வரட்டும் சார். அதுவரைக்கும் அந்த மரத்தையே திரும்ப நட்டுக் குடுங்களேன்."

"அது ஆபத்தும்மா" என்றார் சுத்தியல். அதற்குள் அந்தப் பொய் அவர் நாக்கில் நன்றாகப் படிந்துபோயிருந்தது.

மச்சினனால் மறுபடி ஏற முடியவில்லை. கொஞ்ச நாள் சாமான் அறையில் உட்காரவைத்தார்கள். அது பிடிக்காமல் வெளியே வந்து மின்விசிறி, மிக்ஸி பழுதுபார்க்கும் கடை போட்டான். காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா தட்டு வைத்துப் பரிமாறிக்கொண்டே ஆரம்பிப்பாள். "அன்னிக்கு மட்டும் கயிறு கட்டியிருந்தா..." அவன் தலையைக் குனிந்து சாப்பிடுவான். எதிரில் இவரும் சாப்பிடுவார். பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடியது.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு வருஷம் படுக்கையில் இருந்தாள். கடைசி வாரத்தில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலாவது நிதானமா இருடா" என்றாள். அவன் "சரிக்கா" என்றான். கையில் மருந்துக் குவளையோடு பக்கத்தில் நின்ற சுத்தியலுக்கு உண்மை வாய் வரை வந்தது. குவளையை அவள் வாயருகே கொண்டுபோனார். அவ்வளவுதான்.

அவள் போய் நாலு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் கடைக்குப் போனார். மச்சினன் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அந்தக் கம்பத்தை நான் தோண்டல."

அவன் கை நிற்கவில்லை. "தெரியும் மாமா."

"எப்படி?"

"கொக்கி மாட்டக் குனிஞ்சேன்ல? அடியில புல்லு கம்பத்தை ஒட்டி அடர்த்தியா நின்னுச்சு. தோண்டின மண்ணுல ஏழு வாரத்துல அப்படி வராது. மாமா சீட்டு அடிச்சிருக்காரே, வேற எப்படியாவது பாத்திருப்பாருன்னு ஏறிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? அக்காகிட்டயா?" சுற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில இருந்தப்ப தினமும் நினைச்சேன், இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு. அப்புறம் நினைக்கிறதை விட்டுட்டேன். கால் போனதைக்கூட விடுங்க. அக்கா என்னை அவசரக்குடுக்கைன்னு நினைச்சுட்டே போயிட்டா. அதை நீங்க மாத்தியிருக்கலாம்."

"தப்புதான்."

"தப்புதான்" என்று அவனும் சொன்னான். அதற்குள் மேஜை மின்விசிறியோடு ஒருவர் படியேற, அவரிடம் பேச எழுந்துபோனான்.

மறுநாள் சுத்தியல் நடந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி அம்மாள் பொறுமையாகப் படித்தார்.

"அந்த விசாரணைக் கோப்பை அழிச்சே பல வருஷம் ஆச்சுங்க. இதை இப்ப நான் எதுல வைக்கிறது?"

"எதுலயாவது வைங்கம்மா. லைன்மேன் மேல தப்பில்லைன்னு ஒரு இடத்துல இருக்கட்டும்."

அவர் யோசித்துவிட்டு அதை 'இதர' என்று எழுதிய ஒரு கோப்பில் வைத்தார். கல்குவாரி மேட்டு வீடுகளைப் பற்றியும் சுத்தியல் கேட்டார். அங்கே இப்போது எல்லோரும் செல்போன்தான் வைத்திருக்கிறார்கள், கம்பமே தேவையில்லை என்றார் அதிகாரி. நெஞ்சுவலிக்காரர் என்ன ஆனார் என்பதை அந்த அதிகாரியிடம் கேட்டுப் பயனில்லை. மேட்டுக்கே போய்க் கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை கடைக்குப் போனார். மச்சினன் ஸ்டூலை இழுத்துப் போடுவான், டீ சொல்லுவான், மழை, வெயில், மிக்ஸி பிளேடு என்று எதையாவது பேசுவான். அவர் எழுந்து கிளம்பும்போது 'அடுத்த வாரம் வாங்க' என்று அவன் சொன்னதில்லை. 'வராதீங்க' என்றும் சொன்னதில்லை.