சித்தி சொன்ன ‘சரி’

பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் வந்து மோதியது. புடவை மடிப்புக்குள் நான்கு தாள்களைச் செருகினேன். மகளின் நீட் வினாப் புத்தகத்திலிருந்து கிழித்த விடைப் பக்கங்கள். “கைல இருந்தா பாத்துடுவேன்மா, நீயே ஒளிச்சு வை” என்று அவள்தான் கொடுத்தாள். இதே வாசனைக்குள், இதேபோல, என் விடைகளை ஒருகாலத்தில் சித்தி ஒளித்துவைத்தாள்.

தி. நகரில் மாடிப் போர்ஷன். அம்மாவின் தங்கையான சித்தி, புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். டாக்டராக வேண்டுமென்று நான் நுழைவுத் தேர்வுக்குப் படித்த வருடம் அது. விடையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடுவேன் என்று அம்மா கடைசிப் பக்கங்களைக் கிழித்துச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டாள். மாலையானால் சித்தியின் மடியில் யாருடையதோ பட்டு, பல்லிடுக்கில் ஊசி. என் விடைகளை நான் நோட்டிலிருந்து வாசிப்பேன். அவள் தாளைப் பார்ப்பாள். “சரி.” அடுத்தது. “சரி.” நரம்புகளும் அமிலங்களும் அவளுக்கு வெறும் ஏ, பி, சி, டி. எப்போதாவது, குழம்பில் உப்புப் பார்த்துச் சொல்வதுபோல, “இது தப்பு கண்ணு” என்பாள். ஐம்பதுக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு. நான் மிதந்தேன். ஸ்டெதஸ்கோப் ஏற்கெனவே என் கழுத்தில் தொங்கியது.

தேர்வுக்கு மூன்று வாரம். தைத்த புடவையைக் கொடுக்க அவள் போயிருந்த ஒரு பிற்பகலில் பீரோவைத் திறந்தேன். விடைகளுக்குப் பக்கத்தில் தையல் சாக்பீஸால் நீலப் புள்ளிகள். ஒரே பக்கத்தில் பதினான்கு. நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். புள்ளி வைத்த இடமெல்லாம் நான் தப்பு. மூன்று நான்கைத் தவிர எல்லாவற்றுக்கும் அவள் “சரி” சொல்லியிருந்தாள்.

அவள் திரும்பி வந்ததும் தாளை நீட்டினேன். “ஏமாத்திட்டியே சித்தி. கோட்டை விடப்போறது நான்தானே, உனக்கென்ன?”

“நாலு தப்புன்னு சொன்னாலே தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிடற. இப்படி எலும்பா ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு வை, உன்னைத்தான்டி மொதல்ல பெட்ல படுக்க வைப்பாங்க.”

நான் சிரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. புள்ளி வைத்த கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். வாயால் பொய் சொன்னவள், ஒன்றைக்கூட விடாமல் குறித்து வைத்திருந்தாள் என்பது அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை.

சீட்டு கிடைக்கவில்லை. நூலிழையில் போயிற்று. சித்தியால்தான் என்று சில வருடம் சொல்லித் திரிந்தேன், வெட்கமில்லாமல். இப்போது மகள், “எத்தனைம்மா சரி?” என்று என் முகத்தையே பார்க்கிறபோது அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. உண்மையைத்தான் சொல்கிறேன். ஆனால் அவள் தட்டு காலியான பிறகுதான் பீரோவைத் திறக்கிறேன்.

என் தேர்வன்று காலை, மயிலாப்பூரில் தேர்வு நடந்த பள்ளி வாசல்வரை சித்திதான் வந்தாள். பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது. கேட்டைத் தாண்டப் போன நான் திரும்பினேன்.

“தப்பா எழுதிட்டு வந்தா தப்புன்னு சொல்லுவியா சித்தி?”

டிபன் டப்பாவை மார்போடு பிடித்திருந்தாள்.

“சொல்றேன். வெளிய வந்து மொதல்ல இதைச் சாப்புடு, அப்புறம் சொல்றேன்.”