நிருஷாவின் மூன்றாவது விண்ணப்பம்

அம்பிளாந்துறையில் நிருஷாவை 'டொக்டர்' என்று கூப்பிடத் தொடங்கியபோது அவளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஒன்பது ஏ எடுத்தாள். அன்று பின்னேரமே பெயர் மாறிவிட்டது. பெறுபேறு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் நோயாளி வாசலுக்கு வந்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டாலும் வந்தார். முழங்கால் வீக்கம். அதன் பிறகு ஆறு வருடங்களாக அவளிடம் நீட்டிக் காட்டப்பட்ட நாக்குகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால், வாவியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அளந்துவிட்டு மிச்சமும் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் சோற்றை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப் பல்லைக் காட்டினார். செத்த வீட்டில், பிரேதத்தை எடுப்பதற்கு முன்னரே, "இவருக்கு உண்மையா என்ன வருத்தம் டொக்டர்?" என்று ஒரு மாமி காதோடு கேட்டாள்.

"நான் டொக்டர் இல்ல மாமி. ஏ.எல். எழுதின புள்ள."

"அதெல்லாம் ஒண்டுதான் மகள். கொஞ்சம் முந்திப் பிந்தி."

அந்தக் கொஞ்சத்தில்தான் நிருஷாவின் வயது போய்க்கொண்டிருந்தது. முதல் முறை ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில் ஒரு பி, இரண்டு சி. இரண்டாம் முறை இரண்டு பி, ஒரு சி. மூன்றாம் முறை ஓர் ஏ, ஒரு பி, ஒரு சி. உயிரியல் ஏறியது, பௌதிகம் ஏறியது, இரசாயனவியல் மட்டும் மூன்று முறையும் அதே சி. அந்த சி-யை அசைக்க அவள் போகாத ரியூசன் இல்லை, கரைக்காத உப்பு இல்லை. அது வம்மி மரத்து வேர் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

பெறுபேறு இப்படியென்றால் ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவத்தை மேலே போட்டு, கீழே தாதியியல், மருந்தகவியல், விவசாயம் என்று ஒழுங்காக எழுதிவைப்பார்கள். மேலே உள்ளதற்குப் புள்ளி காணாவிட்டால் கீழே உள்ளது கிடைக்கும். கீழே கூட்டி எழுதுவதால் மேலே ஒன்றும் குறையாது. இது விண்ணப்பக் கைநூலிலேயே மூன்று மொழியில் இருக்கிறது. ஆனால் நிருஷாவின் வீட்டில் கைநூலுக்கு மேலே ஒரு சட்டம் இருந்தது: எந்த விண்ணப்பப் போமிலும் குறைத்துக் கேட்கக் கூடாது.

இந்தச் சட்டம் ஒரு வெள்ளத்தில் பிறந்தது. நிருஷாவின் அப்பா வினாயகமூர்த்தி ஐந்து ஏக்கர் விதைக்கிற மனிதர். ஒரு மாரி மழையில் வயல் வட்டையெல்லாம் தண்ணீர் ஏறியபோது, நட்டஈட்டுப் போமில் 'அரைவாசி அழிவு' என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். பக்கத்து வயல்காரன், நெஞ்சளவு நிமிர்ந்து நிற்கிற பயிருக்கு நடுவில் நின்றுகொண்டு 'முழுசும் அழிவு' என்று எழுதினான். பார்க்க வந்தவர்கள் அவனுடையதை வெட்டி அரைவாசியாக்கிக் கொடுத்தார்கள். வினாயகமூர்த்தியின் அரைவாசியை வெட்டியதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றோடு அவர் உண்மையைக் கைவிடவில்லை, அரைவாசியைத்தான் கைவிட்டார்.

இந்தச் சட்டத்துக்கு விளக்கம் எழுதியவர் நிருஷாவின் தாய்மாமன் நல்லரத்தினம். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். தான் ஒருமுறை ஒரு கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதில் ஒரு வாய்க்கால் ஊருக்கு மறுபக்கம் போய்விட்டது என்று அவரே சொல்லுவார். "மருமகள், கீழ ஒரு கோர்ஸ எழுதினியெண்டா கொம்பியூட்டருக்கு உன்ர மனசு விளங்கிடும். இவளுக்கு இதுவும் காணும் எண்டு அதத் தந்து அனுப்பிப் போடும். நான் எத்தனை போம் பாத்தவன்!"

ஆகவே முதல் வருடம் விண்ணப்பத்தில் இலங்கையிலுள்ள மருத்துவ பீடங்கள் மட்டும். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடமும் மருத்துவ பீடங்கள் மட்டும். தாதியியலுக்கும் விவசாயத்துக்கும் காணுமான புள்ளியை வைத்துக்கொண்டு, இரண்டாம் முறையும் அவள் வீட்டு வாசலில் நின்று நாக்குப் பார்த்தாள். மூன்றாம் வருடம் அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு பீடத்தில், ஏதாவது ஒரு விரிவுரை மண்டபத்தில், யாருடைய வாய்க்குள்ளும் பார்க்காமல் ஒரு கதிரையில் இருக்க வேண்டும்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் அப்பாவும் மாமாவும் அவளோடு புறப்பட்டார்கள். தனியாகப் போகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "பொம்புளப் புள்ள தனியப் போய் என்னத்தயும் அமத்திப் போட்டா?" என்றார் மாமா. அவள் அம்மா சுலோஜனா அடுப்படியிலிருந்து, "மூணு பேரும் எங்கயாவது தொலைஞ்சி போங்க, எனக்கும் தலையிடி" என்று வழியனுப்பினாள்.

மோட்டார் சைக்கிளையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு இங்கே 'பாதை' என்று பேர். பாதையில் ஏறினால் குருக்கள்மடக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் யாருடைய ரகசியமும் மிஞ்சாது. நிருஷாவின் கையில் இருந்த கைநூலைக் கண்டதும் ஆளுக்கு ஆள் வாய் திறந்தார்கள். நல்லவேளை, இந்த முறை பேசுவதற்காக.

"டொக்டர், கொழும்பப் போடாத. அங்க வெக்கை."

"யாழ்ப்பாணத்தப் போடு மகள், தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும்."

"எதையும் போடட்டும், நம்மட மட்டக்களப்ப முதல்ல போடட்டும். பின்னேரத்தில வந்து என்ர சீனி வருத்தத்தப் பாக்கலாம்."

நிருஷா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குதித்தால் எத்தனை பேர் காப்பாற்ற வருவார்கள், அதில் எத்தனை பேர் காப்பாற்றிய கையோடு முதுகுவலி பற்றிக் கேட்பார்கள் என்று கணக்குப் பார்த்தாள்.

காத்தான்குடியில் விண்ணப்பம் அடித்துக்கொடுக்கிற கடை வைத்திருந்தவள் ஹப்ஸா. நிருஷாவோடு ஒரே ரியூசனில் படித்தவள். முதல் முறை பெறுபேறு வந்த அன்றே, "எனக்கு இது ஏலாதுகா" என்று புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு, நானா என்று அவள் கூப்பிடும் அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பிய கொம்பியூட்டரோடு கடை போட்டாள். மூன்று பேரையும் கண்டதும் பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க அங்கிள். இந்த முறையும் அதே லிஸ்ட்டா?"

"அதே லிஸ்ட்தான் மகள்" என்றார் வினாயகமூர்த்தி. சட்டைப் பையிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்திய கடதாசியையே எடுத்து மடிப்பு விரித்தார். மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

ஹப்ஸா நிருஷாவைப் பார்த்தாள். நிருஷா மேசையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, அதுக்குக் கீழ மற்றதையும் போடுறன்."

"மருமகள்!" என்று மாமா எழும்பினார்.

"மாமா, நீங்க இருங்க. அப்பா, வெள்ளப் போம் வேற. அதுக்கு ஆள் வந்து பாக்கும், கதைக்கலாம், கூட்டிக் குறைக்கலாம். இது மெசின். இதோட பேரம் பேச ஏலாது. எழுதினதத் தரும், இல்லாட்டி ஒண்டும் தராது. ரெண்டு தரம் ஒண்டும் தரல்லையே!"

"தராட்டி என்ன புள்ள?" என்றார் அப்பா. கோபம் இல்லாமல்தான் சொன்னார். "இந்த முறை இல்லாட்டி அடுத்த முறை. பெரும்போக விதைப்புப் போனா சிறுபோகம் வருந்தானே."

"அடுத்த முறை இல்ல அப்பா."

"ஏன் இல்ல?"

"மூணு தரந்தான். இதோட சரி. எத்தனை நாள் சொல்லிட்டன்!"

சொல்லியிருந்தாள். சோறு போடும்போது சொல்லியிருந்தாள், வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன இடத்தில் சொல்லியிருந்தாள். பஸ் கொண்டக்டர் 'இதான் கடைசி பஸ்' என்று கத்துவதைப் போல அவர் அதைக் கேட்டுவைத்திருந்தார். கத்துவான், பின்னாலேயே இன்னொரு பஸ் வரும். நாற்பது வருடம் விதைத்த மனிதருக்கு, அடுத்த போகம் இல்லாத ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பது புத்தியில் ஏறவேயில்லை.

"ஹப்ஸா மகள், மெய்யா?"

"மெய்தான் அங்கிள். மூணுதான். நான் ஒண்டோட விட்டுட்டன், இவள்தான் மூணையும் முடிச்சிட்டாள்."

வினாயகமூர்த்தி எழும்பி வெளியே போனார். றோட்டோரமாக நின்று, போகிற வருகிற லொறிகளையெல்லாம் அதனதன் பாட்டில் போகவிட்டார். உள்ளே மாமா, "கச்சேரியில இப்பிடியொரு சட்டத்த நான் காணல்ல" என்று மூன்று தரம் சொன்னார். நான்காம் தரம் சொல்ல வாய் திறந்தபோது நிருஷா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் அது முதல் முறை என்று பிறகு சுலோஜனா சொன்னாள்.

கால் மணித்தியாலம் கழித்து அப்பா வந்து இருந்தார். பழைய கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எல்லாத்தையும் போடு."

"எல்லாமெண்டா அங்கிள்?"

"அந்தப் புத்தகத்தில உள்ள எல்லாத்தையும்."

"அதில நூத்துக்கும் மேல இருக்கு! இவள் படிச்சது உயிரியல். சங்கீதமும் போடச் சொல்றீங்களா?"

"பாடுவாள்."

நிருஷா தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். வேறொன்றும் எழுதவிடாத மனிதரோடு மூன்று வருடம் போராடியாயிற்று. இப்போது எதையும் விடாத மனிதரோடு போராட வேண்டியிருந்தது. கைநூலின் பக்கங்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டார். இயன்மருத்துவம் என்றால் என்ன? கை கால் பிடித்துவிடுவதா? அதற்கு நாலு வருடமா? மருந்தகவியல் முடித்தால் பாமஸி போடலாமா, அப்படியென்றால் சந்தியில் ஓர் இடம் இருக்கிறதே? ஹப்ஸாவின் உம்மா இரண்டு தரம் தேத்தண்ணி அனுப்பினாள். இணையம் ஒரு தரம் அறுந்தது. அடித்ததில் பாதி காணாமல் போய், திரும்ப முதலிலிருந்து அடித்தார்கள்.

"மிருக வைத்தியம் எண்டா?"

"மாடு ஆடுக்கு வைத்தியம் பாக்கிறது அங்கிள்."

"ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"பட்டிக்கு வந்து பாப்பாங்களா?"

"ஓம்."

வினாயகமூர்த்தி நிமிர்ந்தார். "அப்ப அத டொக்டருக்கு அடுத்ததாப் போடு."

மாமாவுக்கு மூச்சு முட்டியது. "மச்சான்! ஒன்பது ஏ எடுத்த புள்ளைய மாட்டு டொக்டருக்கா?"

"எங்கட பக்கத்தில மனிசன விட மாடுதான் கூட, மச்சான். நான் போன வருஷம் ரெண்டு பசுவச் சாகக் குடுத்தன். நீங்க வந்து கையெழுத்துப் போட்டிருந்தா எழும்பியிருக்குமா?"

மாமா கதிரையைத் திருப்பி றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பாதையில் திரும்பி வரும்போதும் அவர் யாரோடும் கதைக்கவில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கே அது ஓர் ஓய்வு நாள் மாதிரி இருந்தது.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வந்தபோது மருத்துவம் மயிரிழையில் தவறியிருந்தது. அந்த சி-யில் இன்னும் இரண்டு கேள்வி சரி வந்திருந்தால் காணும். அதற்கு அடுத்த வரியில் பேராதனை, மிருக வைத்தியம், தெரிவு என்று இருந்தது. நிருஷா தொலைபேசியை மூன்று தரம் அணைத்து அணைத்துத் திறந்து பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய் யாரும் காணாமல் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால், ஈரத்தில் தெரியவில்லை.

ஊருக்குச் செய்தி தெரிந்து பத்து நிமிடத்தில் வாசலுக்கு ஆள் வந்தது. "டொக்டர்தானே? அப்ப இத ஒருக்காப் பாரன்" என்று அதே மாமி நாக்கை நீட்டினாள்.

"மாமி, இனி நாக்குப் பாக்கிறதெண்டா நாலு கால் வேணும்."

மாமி இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆட்டோடு வந்தாள்.

பிறகு பதிவுப் படிவம் வந்தது. விடுதி, மொழி, நாலு படம், பாதுகாவலர் பெயர் என்று எட்டுப் பக்கம். வினாயகமூர்த்தி அதைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மாமா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். நிருஷா படிவத்தைச் சுருட்டித் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு நேரே துறைக்கு நடந்தாள். பாதை கட்டவிழ்க்கிற நேரம். அவள் ஏறினாள், தனியே ஏறினாள். பின்னால் ஓடிவந்த அப்பா முழங்காலளவு தண்ணீருக்குள் நின்றார்.

"புள்ள! போட்டோ நாலு கேட்டா ஆறு எடு! பேரச் சரியா எழுது! ஹொஸ்டலுக்கு ஓமெண்டு போடு! இல்ல, கொஞ்சம் பொறு, ஹொஸ்டல நான் கேட்டுச் சொல்றன்..."

காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. நிருஷா காதில் கையை வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள்.